ஐந்திலிருந்து மூன்றைக் கழி

 

"கணக்கு சார் கம்பைலர் எழுதுறாராமே" என்ற செய்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிளம்பி, பழைய மாணவர்கள் குழு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "எதுக்கு சார் இந்த வயசுல?" என்று சிலர் கேட்டார்கள். "பெரியப்பா, பைத்தான் இருக்கும்போது இது யாருக்கு?" என்று பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன் கேட்டான். என் அக்கா மட்டும் "கண்ணைக் கெடுத்துக்காதே" என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. கரும்பலகையும் சாக்பீசும் இல்லாத இரட்டைப் பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பைலர் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் சில்லுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சொந்தக் கட்டளைகள்தான். அவை வெறும் எண்கள். நாம் எழுதுவதை அந்த எண்களாக மாற்ற ஒருவர் வேண்டும். நம் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு என்றால் புதிதில்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு. மேடையில் ஒருவர் தெலுங்கில் பேசப் பேச, பக்கத்தில் நின்று இன்னொருவர் வரிக்கு வரி தமிழில் சொல்கிறார் அல்லவா? கம்ப்யூட்டர் உலகில் அவர் பெயர் இன்டர்ப்ரெட்டர். மொத்தப் பேச்சையும் முதலிலேயே மொழிபெயர்த்துப் புத்தகமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர் கம்பைலர். புத்தகம் வந்த பிறகு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

நான் எழுதியது இரண்டாவது வகை. 2018இல் ஓய்வு பெற்றேன். 2021 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஆரம்பித்தேன். சி மொழியில் 430 வரிகள். தமிழில் எழுதிய கட்டளைகளைப் படித்து, அதற்கு ஈடான சி நிரலாக மாற்றிக் கொடுக்கும். அதை வழக்கமான சி கம்பைலரிடம் கொடுத்தால் ஓடக்கூடிய கோப்பு வந்துவிடும். மொழிக்கு நான் பெயர் வைக்கவில்லை. பிள்ளைகள் "சார் மொழி" என்கிறார்கள். இருக்கட்டும்.

இந்த மொழி 'அடுக்கு' என்ற ஒரே ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. என்னிடம் படித்தவர்களுக்கு அடுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுப்பாட நோட்டுகளை மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பீர்கள். கடைசியாக வைத்தவன் நோட்டைத்தான் முதலில் எடுப்பேன். பொறுப்பாக முதலில் வந்து வைத்த பிள்ளையின் நோட்டு அடியில் கிடந்து கடைசியில் திருத்தப்படும். அநியாயம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இந்த ஒழுங்கு மிகவும் வசதி.

எங்கள் மொழியில் எண் ஒன்று வந்தால் அது அடுக்கின் மேல் போய் உட்காரும். 'கூட்டு' என்று வந்தால், மேலே இருக்கும் இரண்டு எண்களை எடுத்து, கூட்டி, விடையைத் திரும்ப அடுக்கில் வைக்கும். 'காட்டு' என்றால் மேலே இருப்பதை எடுத்துத் திரையில் காட்டும். அவ்வளவுதான்.

5 3 கழி காட்டு

என்று எழுதினால் திரையில் 2 வரும்.

இதை முதன்முறை பார்க்கிற பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். "இதென்ன தலைகீழாக இருக்கிறது, 5 - 3 என்றுதானே எழுத வேண்டும்?" என்பார்கள். நான் உங்களைக் கேட்கிறேன். வகுப்பில் உங்களிடம் நான் எப்படிச் சொல்வேன்? "ஐந்திலிருந்து மூன்றைக் கழி" என்றுதானே? ஐந்து முதலில், மூன்று அடுத்து, கழி கடைசியில். "பத்தை இரண்டால் வகு." பத்து, இரண்டு, வகு. "இரண்டையும் மூன்றையும் கூட்டு." தமிழில் வினை கடைசியில்தான் வரும். முதலில் பொருள்களை எடுத்து வைப்போம், பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வோம். அடுக்கு இயந்திரமும் அச்சாக அதைத்தான் செய்கிறது.

ஆங்கிலத்தில் இதே கணக்கை எப்படிச் சொல்வார்கள்? "கழி, மூன்றை, ஐந்திலிருந்து" என்ற வரிசையில் சொல்வார்கள். வினை முன்னால் வரும், எண்களும் இடம் மாறிவிடும். அவர்களுக்குத்தான் இது தலைகீழ். நமக்கு இது நேர்.

தமிழுக்கு மட்டும் உள்ள பெருமை என்று சொல்ல வரவில்லை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அங்கேயும் எண்கள் முன்னால், வினை பின்னால்தான். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகளின் இந்தியும் ஒடியாவும் அப்படியே. எங்கள் தெருவில் நடக்கும் எல்லாப் பேச்சும் அடுக்கு இயந்திரத்துக்கு ஒத்து வரும் பேச்சு.

இப்படிக் குறியைப் பின்னால் வைத்து எழுதுவது என் கண்டுபிடிப்பு இல்லை. போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் உகாசியேவிச் 1920களில் குறிகளை எண்களுக்கு முன்னால் வைத்து, அடைப்புக்குறியே இல்லாமல் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அதைத் திருப்பிக் குறியைப் பின்னால் போட்டதுதான் 'தலைகீழ் போலந்து முறை'. 1972இல் எச்.பி. நிறுவனம் வெளியிட்ட எச்.பி.-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டர் இந்த முறையில்தான் கணக்குப் போட்டது. சமக்குறி பொத்தானே அதில் கிடையாது.

முழு மொழியாக இதைச் செய்தவர் அமெரிக்காவின் சார்லஸ் மூர். அவர் மொழியின் பெயர் 'ஃபோர்த்'. 1970 வாக்கில் அரிசோனா மாநிலம் கிட் பீக்கில் இருந்த வானொலித் தொலைநோக்கியை இயக்க அதைப் பயன்படுத்தினார். நினைவகம் மிகச் சிறிய இயந்திரங்களிலும் அது ஓடும். 2014 நவம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தின் மேல் 'ஃபிலே' என்ற கலம் இறங்கியது நினைவிருக்கும். அதற்குள் இருந்த ஆர்.டி.எக்ஸ். 2010 சில்லு, ஃபோர்த் மொழிக்காகவே வடிவமைத்த அடுக்குச் சில்லு.

திருவள்ளூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரர்கள் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். பக்கத்தை எப்படி அச்சிட வேண்டும் என்று லேசர் பிரிண்டருக்குச் சொல்ல 1980களில் வந்த மொழி அது. அதுவும் அடுக்கு மொழிதான். தம்பி மகனுக்கு ஒரு செய்தி. நீ சொன்ன பைத்தான் இருக்கிறதே, அதுவும் உள்ளே போய் நீ எழுதியதை அடுக்குக் கட்டளைகளாக மாற்றித்தான் ஓட்டுகிறது. ஜாவாவும் அப்படித்தான். நீ மேலே '5 - 3' என்று எழுதுகிறாய், அது அடியில் '5 3 கழி' என்று செய்கிறது.

அடுத்து, உங்களில் பலருக்குப் பிடிக்காத 'பாட்மாஸ்' விதி. அடைப்புக்குறி முதலில், பிறகு வகுத்தல், பெருக்கல் என்று முப்பத்து நான்கு வருடம் அதைச் சொல்லிக் கொடுத்தேன். 2 + 3 × 4 எவ்வளவு என்றால் பாதி வகுப்பு 20 என்று கத்தும். விடை 14. அடுக்கு மொழியில் இந்த விதியே வேண்டாம்.

2 3 4 பெருக்கு கூட்டு

என்றால் 14.

2 3 கூட்டு 4 பெருக்கு

என்றால் 20. எதை முதலில் செய்ய நினைக்கிறீர்களோ அதை முதலில் எழுதுங்கள். குழப்பத்துக்கு இடமே இல்லை.

சாதாரண முறையில் எழுதிய கணக்கை இந்த முறைக்கு மாற்ற ஒரு வழி இருக்கிறது. 1961இல் நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா அதை விளக்கினார். ரயில்வே யார்டில் பெட்டிகளை மாற்றிக் கோப்பது போல இருப்பதால் அதற்கு 'ஷன்டிங் யார்ட்' முறை என்றே பெயர். கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் போகும்போது பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிட்டால் ஜன்னல் வழியாகப் பாருங்கள். எண்கள் எல்லாம் நிற்காமல் மெயின் லைனில் நேரே போகும். கூட்டல், பெருக்கல் குறிகள் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கும். கூட்டல் குறி வரும்போது அங்கே ஏற்கனவே ஒரு பெருக்கல் குறி நின்றால், முதலில் பெருக்கலை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூட்டல் உள்ளே நுழையும். பாட்மாஸ் முழுவதும் இந்த ஒரு பக்கத் தண்டவாளத்துக்குள் அடங்கிவிடும்.

இனி கம்பைலருக்குள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்கை விட எளிது.

கம்பைலர் ஒவ்வொரு சொல்லாகப் படிக்கும். இடைவெளிதான் சொல்லின் எல்லை. படித்த சொல் எண்ணாக இருந்தால் 'இதை அடுக்கில் வை' என்று ஒரு வரி எழுதும். எண் இல்லையென்றால் அகராதியில் தேடும். கூட்டு, கழி, பெருக்கு, வகு, காட்டு, இரட்டி, மாற்று என்று சில சொற்களை அகராதியில் நான் முன்பே வைத்திருக்கிறேன். 'இரட்டி' என்றால் மேலே இருப்பதைப் படியெடுத்து இன்னொன்று வை. 'மாற்று' என்றால் மேலே உள்ள இரண்டையும் இடம் மாற்று. அகராதியில் இருந்தால் அதற்குரிய வரியை எழுதும். இல்லையென்றால் "இந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்று சொல்லி நின்றுவிடும்.

புதுச் சொல்லை நாமே அகராதியில் சேர்க்கலாம்.

சதுரம் என்பது இரட்டி பெருக்கு முடி

இப்படி எழுதிவிட்டால் அதன்பிறகு '7 சதுரம் காட்டு' என்றால் 49 வரும். ஃபோர்த் மொழியில் முதலில் ஒரு முக்காற்புள்ளி போட்டு, அதன்பிறகுதான் புதுப் பெயரைச் சொல்வார்கள். நாம் அப்படிப் பேசமாட்டோம். 'சதுரம் என்பது...' என்று பெயரை முதலில் சொல்லித்தான் விளக்குவோம். அதற்காக என் கம்பைலர் தெரியாத சொல் வந்ததும் உடனே திட்டாமல், அடுத்த சொல் 'என்பது'தானா என்று ஒரு சொல் மட்டும் எட்டிப் பார்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 'எனில்'.

மதிப்பெண் 35 குறைவா எனில் 0 இல்லையேல் 1 முடி காட்டு

நிபந்தனை முன்னால், 'எனில்' பின்னால். இதுவும் தமிழ் வாக்கியம் போலவே இருக்கிறது, பாருங்கள். கம்பைலர் 'எனில்' வரை வந்ததும் அதற்கு ஒரு சிக்கல். நிபந்தனை பொய்யானால் எங்கே தாவ வேண்டும்? அந்த இடம் இன்னும் வரவே இல்லை. அதனால் 'தாவு, ______' என்று கோடிட்ட இடமாக விட்டுவிட்டு, எங்கே விட்டோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும். 'இல்லையேல்' வந்ததும் அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்பும், இன்னொரு கோடிட்ட இடம் விடும். 'முடி' வந்ததும் அதையும் நிரப்பும். ஒரு 'எனில்' உள்ளே இன்னொரு 'எனில்' வந்தால்? கடைசியாகத் திறந்ததைத்தான் முதலில் மூட வேண்டும். குறித்து வைக்கிற இடமும் ஓர் அடுக்குதான். அடுக்கு மொழியைப் புரிந்துகொள்ள கம்பைலருக்கே ஓர் அடுக்கு தேவைப்படுகிறது. இதை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழில் எழுதுவதால் வருகிற ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 'கோடு' என்ற சொல்லைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' என்ற எழுத்தோடு 'ஓ' குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் முன்னால் வரும் இரட்டைச் சுழிக் கொம்பைத் தனியாகவும், பின்னால் வரும் காலைத் தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒன்று 12 பைட், இன்னொன்று 15 பைட். ஒரு பிள்ளை போனில் தட்டிய 'கோடு', இன்னொரு பிள்ளை லேப்டாப்பில் தட்டிய 'கோடு'வுக்குச் சமமாகாமல் போகலாம். கண்ணுக்குத் தெரிந்த சொல்லைப் பார்த்துக் கம்ப்யூட்டர் "தெரியாது" என்று சொன்னால் பிள்ளை என்ன நினைக்கும்? தன் மேல்தான் தப்பு என்று நினைக்கும். அதனால் எந்தச் சொல்லையும் அகராதியில் தேடுவதற்கு முன்பே இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும் வேலையை யூனிகோடு விதிப்படி சேர்த்திருக்கிறேன்.

பிழைச் செய்திகளுக்கும் நிறைய நேரம் செலவழித்தேன். "அடுக்கில் ஓர் எண்தான் இருக்கிறது, கூட்ட இரண்டு வேண்டும், 4ஆம் வரியைப் பார்" என்று சொல்லும். இயந்திரம் திட்டினாலும் நமக்குப் புரிகிற மொழியில் திட்டட்டும்.

ஒருநாள் என் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன், சிப்காட்டில் ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். நான் திண்ணையில் நாலு பிள்ளைகளுக்கு அட்டைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அடுக்கைக் காட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவன், "சார், இது நம்ம பி.எல்.சி.யில வர்ற எம்.பி.எஸ்., எம்.பி.பி. தானே!" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன்தான் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தான். பி.எல்.சி. என்பது ஆலை இயந்திரங்களை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர். 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார் ஆலைகளில் சுவர் சுவராக நின்ற ரிலே பலகைகளுக்குப் பதிலாக வந்தது. எலெக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான ஏணி மாதிரிப் படத்தை வரைந்தால் போதும். 'லேடர்' என்பார்கள். அந்தப் படத்தைக் கட்டளை வரிசையாக மாற்றித்தான் இயந்திரம் ஓட்டும். மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். வகை பி.எல்.சி.யில் ஏணியின் ஒரு படி இரண்டு மூன்றாகக் கிளை பிரிந்தால் அந்தக் கட்டளைகள் வரும். எம்.பி.எஸ். என்றால் இதுவரை வந்த விடையை அடுக்கில் வை. எம்.ஆர்.டி. என்றால் மேலே இருப்பதைப் பார், எடுக்காதே. எம்.பி.பி. என்றால் பார்த்துவிட்டு எடுத்துவிடு. சேஃப்டி கதவு மூடியிருக்கிறது என்பது பொது நிபந்தனை. அதற்குப் பிறகு மோட்டாருக்கு ஒரு கிளை, விளக்குக்கு ஒரு கிளை. பொது நிபந்தனையின் விடையை ஒருமுறை அடுக்கில் வைத்துவிட்டால் ஒவ்வொரு கிளைக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

"பன்னெண்டு வருஷமா இதைப் பார்க்கிறேன் சார். ஆனா இதுதான் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு யாரும் சொல்லல" என்றான்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ. போனவன். கம்ப்யூட்டர் என்பது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு, இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு என்று நம்பியவன். ராத்திரி இரண்டு மணிக்கு ரோலிங் மில் நின்றுபோனால், கம்பைலர் எழுதிக்கொடுத்த கட்டளைகளை வரி வரியாகப் படித்துப் பழுது கண்டுபிடிக்கிறவனும் அவன்தான். இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஷிப்ட் முடிந்து டிபன் பாக்ஸோடு சிப்காட் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் உங்களில் பலர், பெயர் தெரியாமலே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் அனுமதி கொடுத்தார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

2023 மே மாதம். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு பெண் திண்ணைக்கு வர ஆரம்பித்தாள். அப்பா என்னிடம் படித்தவர், ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப் எடுப்பது என்று வீட்டில் பேச்சு. அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை. அப்பாவுக்குத் தயக்கம். "தமிழ் மீடியம் பொண்ணு சார், கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் வேணும். நடுவுல விட்டுட்டா வருஷம் வீணாப் போயிடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வருடம் வீணாவது என்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் வாதாடவில்லை. அவளிடம் மட்டும், "உங்க வீட்டுக் கணக்கு ஏதாவது ஒண்ணை இதுல போட்டுக் காட்டும்மா" என்றேன். மறுநாள் அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்து வந்தாள். அதில் ஓவர்டைம் என்று ஒரு வரி இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டாள். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 59ஆம் பிரிவில் என்ன இருந்தது என்று சொன்னேன். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல், அல்லது வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், கூடுதல் நேரத்துக்குச் சாதாரண சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்று இருந்தது.

நாள் சம்பளம் 520 ரூபாய், 8 மணி நேரம். அந்த மாதம் கூடுதல் நேரம் 16 மணி. அவள் எழுதினாள்:

520 8 வகு 2 பெருக்கு 16 பெருக்கு காட்டு

திரையில் 2080 வந்தது. சம்பளச் சீட்டில் 1040 இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "சார், கம்ப்யூட்டர் தப்பா?" என்றாள். "நீயே அடுக்கை ஒவ்வொரு படியா எழுதிப் பாரு" என்றேன். நோட்டில் எழுதினாள். 520. 520, 8. 65. 65, 2. 130. 130, 16. 2080. மணிக்கு 65 ரூபாய், இரண்டு மடங்கு 130, பதினாறு மணிக்கு 2080. பேனாவை மூடிவிட்டு, "கம்ப்யூட்டர் சரிதான் சார்" என்றாள்.

பிறகு அவளே அதை ஒரு புதுச் சொல்லாக்கினாள். எந்த மாதத்துக்கும், யாருக்கும் போடலாம் என்று.

கூடுதல்நேரம் என்பது மாற்று 8 வகு 2 பெருக்கு பெருக்கு முடி

'520 16 கூடுதல்நேரம் காட்டு' என்றால் 2080. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நாள் சம்பளம் 530. அவருக்கும் 16 மணிக்குப் போட்டால் 2112 வந்தது. கையால் போட்டால் 2120. எங்கள் மொழியில் முழு எண்கள் மட்டும்தான். 530ஐ 8ஆல் வகுத்தால் 66.25, அந்த 25 பைசா உதிர்ந்துவிடும். அது பெருகிப் பெருகி எட்டு ரூபாய் ஆகிவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளினாள். தள்ளியதும் 'மாற்று' தேவையில்லை என்பதையும் கண்டுபிடித்தாள்.

கூடுதல்நேரம் என்பது 2 பெருக்கு பெருக்கு 8 வகு முடி

2120 வந்தது. நிரலும் சின்னதாகிவிட்டது. என் முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு விடைத்தாளுக்கு எத்தனை முறை முழு மதிப்பெண் போட்டிருப்பேன் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

அப்பா இரண்டு வாரம் அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார். கான்ட்ராக்ட் வேலை. கேட்டால் நாளைக்கு வராதே என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கேளுங்கள் என்று நானும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு அவரும் கூட வேலை செய்யும் மூன்று பேரும் சேர்ந்து போய், சத்தம் போடாமல் கணக்கைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மடங்காக வந்தது. பழைய பாக்கி இதுவரை வரவில்லை.

பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். அப்பாதான் கையெழுத்துப் போட்டார். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். எல்லாம் ஆங்கிலச் சொற்கள்தான். ஆனால் அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "சார், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியும். மேலே இருக்கிற பேரைத்தான் மனப்பாடம் பண்ணணும்." 1989இல் தரப்படுத்திய சி மொழியில் அடிப்படைச் சொற்கள் மொத்தம் 32. ஆங்கிலம் தெரியாததால் கம்ப்யூட்டர் வராது என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறோமே, அந்தச் சுவரின் உயரம் 32 சொல்.

"தமிழில் நிரல் எழுதினால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிற உறவினர்களுக்கு நேரான பதில்: கிடைக்காது. வேலைக்குப் போகும்போது உலகம் எழுதுகிற மொழியில்தான் எழுத வேண்டும். நீச்சலை நம் ஊர்க் குளத்தில் கற்றுக்கொள்கிறோம், கடலுக்குப் போகிறவன் அப்புறம் போகட்டும்.

தமிழில் நிரல் எழுதும் முயற்சியில் நான் முதல் ஆளும் இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' பல வருடங்களாக இருக்கிறது. பைத்தானில் எழுதிய இன்டர்ப்ரெட்டர், மூல நிரல் எல்லாருக்கும் திறந்தது. அதிலும் நிபந்தனையை முன்னால் எழுதிவிட்டு 'ஆனால்' என்று பின்னால் போடுவார்கள். தமிழை அறிந்து செய்த வேலை. என்னுடையதை விட எழிலில் வசதிகள் மிக அதிகம், பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள். நான் தனியாக ஒன்று எழுதியதற்குக் காரணம், எழுத்தில் தொடங்கி இயந்திரம் வரை முழுப் பாதையையும் ஒரு மத்தியானத்தில் ஒரு பிள்ளையோடு நடந்து காட்ட வேண்டும் என்பதுதான். 430 வரியை ஒரு பிள்ளை முழுவதும் படித்துவிடலாம். படித்து, "சார், இந்த இடத்தை இப்படி மாத்தலாமா?" என்று கேட்கவும் செய்யலாம். கேட்கிறார்கள்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிப்காட்டிலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் பி.எல்.சி. வேலை பார்க்கும் என் மாணவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் திண்ணைக்கு வாருங்கள். லேடர் எப்படிக் கட்டளை வரிசையாகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் காட்ட முடியும். என்னை விட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள், நான் கேட்டுவிட்டேன். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் இருந்தால் கொண்டுவாருங்கள், எவ்வளவு பழையதானாலும் இதற்குப் போதும். காபி என் செலவு.

கடைசியாக வீட்டுப்பாடம். வாத்தியார் பதிவு வீட்டுப்பாடம் இல்லாமல் முடியாது.

20 5 3 7 கூட்டு கழி கூட்டு காட்டு

திரையில் என்ன வரும்? பேப்பரில் அடுக்கைப் படிப்படியாக எழுதிப் பார்த்துவிட்டு விடை சொல்லுங்கள். வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது, படிகள் வேண்டும். அக்கா, நீங்களும்தான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்